சூட்டுச் சுவர், குளிர்ச்சிச் சுவர்

என் மாமியார் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அந்தப் பச்சை ரூமுக்கு வெள்ளையடிச்சு வையுங்க மாப்ள. வைகாசியில பொண்ணையும் புள்ளையையும் கொண்டாந்து வுட்டுடறோம்.”

இதைவிடச் சுலபமாக ஒரு மாமியார் எதையும் கேட்டுவிட முடியாது. கொஞ்சம் கிளிஞ்சல் சுண்ணாம்பு, ஒரு ஆள், ஒரு பகல், தீர்ந்தது காரியம். ஆனால் கேட்ட இடம்தான் சரியில்லை. என்னிடம் கேட்டுவிட்டார். நான் படித்தவன்.

அதிலும் பிரெஞ்சில் படித்தவன். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆபீசில் காகிதங்கள் ஒவ்வொன்றாக இங்கிலீஷுக்கு மாறிக்கொண்டிருந்தன. முட்டி போட்டும் பிரம்படி பட்டும் நான் கற்ற பிரெஞ்சு, பந்தி முடிந்தபின் மிஞ்சிக் கிடக்கும் வாழையிலை போல என்னிடம் சும்மா கிடந்தது. அதை எங்கேயாவது போட்டுப் பரிமாறிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே அரிப்பு. ஆபீசில் யாரும் சீந்தவில்லை. என் அறைச் சுவர், வாயில்லாத ஜீவன், மாட்டிக்கொண்டது.

அந்த அறையின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். டவுனில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். மேற்கே பார்த்த ஓர் அறை, அதை ஒட்டி ஒரு நடை, ஒரு சமையல்கட்டு. கீழே வீட்டுக்காரம்மா. எங்களுக்கு முன் அங்கே இருந்தவர் சைகோனில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர். காட்டுக்குள் பதுங்கிப் பழகிய தோஷமோ என்னவோ, நாலு சுவருக்கும் கரும்பச்சை அடித்து வைத்திருந்தார். அதுவும் பசை சேர்க்காமல் அடித்த பச்சை. சாய்ந்தால் கூடவே வரும். கல்யாணமான புதிதில் ஒரு நாள் வெள்ளைக் கோட்டின் முதுகில் அரைச் சுவரைச் சுமந்துகொண்டு ஆபீசுக்குப் போய்விட்டேன். அன்று முழுக்க எல்லோரும் சிரித்தார்கள். என் பேச்சுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து நான் இன்னும் கொஞ்சம் பேசினேன்.

“பாசி புடிச்ச கெணத்துக்குள்ள குடித்தனம் பண்ற மாதிரி இருக்குது” என்று என் மனைவி வந்த அன்றே சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு வருஷம் அந்தக் கிணற்றுக்குள் குடித்தனமும் பண்ணினாள். பிறகு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். தவளக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வயல்காட்டு வழியாகக் கொஞ்ச தூரம் நடந்தால் மாமியார் வீடு. பங்குனியில் மகன் பிறந்தான்.

இங்கேதான் கணக்கு வருகிறது. பிள்ளை பெற்றவளை எங்கள் பக்கம் ஒற்றைப்படை மாசத்தில்தான் புருஷன் வீட்டுக்கு அனுப்புவார்கள். வைகாசி மூணாம் மாசம், உத்தமம். ஆனி நாலு, ஆகாது. ஆடி அஞ்சு, கணக்குச் சரிதான், ஆனால் ஆடியில் எவன் பெண்ணை அனுப்புவான்? ஆவணி ஆறு, மறுபடி ஆகாது. ஆக, வைகாசியை விட்டால் புரட்டாசி. புரட்டாசியில் நான் போய் நின்றால் என் பையன் தவழ்ந்து வந்து, ‘யாரு, கீத்து விக்கிறவரா?’ என்று விசாரிப்பான்.

எனக்கு இருந்த ஒரே கவலை, வைகாசி தவறிவிடக் கூடாது என்பது. என் மாமியாருக்கு இருந்த ஒரே ஆசை, அது தவறினால் தேவலை என்பது. வாய்விட்டுச் சொல்ல மாட்டார். இருப்பது ஒரே பெண். பேரன் வந்தபிறகு அந்த வீட்டில் எந்நேரமும் ஏதோ ஒரு பாட்டு, ஏதோ ஒரு கொஞ்சல். அதை எப்படி பஸ் ஏற்றி அனுப்புவது? ஒரு சாக்குக் கிடைத்தால் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். ஆனால் சம்பந்தி வீட்டில் குறை கண்டுபிடிக்கப் போவது மரியாதைப்பட்ட காரியமில்லை. மாப்பிள்ளையே நேரில் வந்து சாக்கைக் கையில் கொடுத்தால் அது வேறு சங்கதி.

கொடுத்தேன். அதற்குத்தானே இருக்கிறேன்.

எங்கள் ஆபீஸ் பெரியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். ஒரு கையெழுத்துக்காக அவர் வீட்டுக்குப் போனபோது, முசேயும் மதாமும் ஹாலில் நின்று சுவரைப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் காகிதத்தோடு ஓரமாக நின்று, கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, முழுக்கக் கேட்டேன். நிறங்களில் ‘ஷோத்’ என்று ஒரு ஜாதி, ‘ஃப்ருவாத்’ என்று ஒரு ஜாதி. முதலாவது சூடு, இரண்டாவது குளிர்ச்சி. வெள்ளையில் துளி மஞ்சளோ காவியோ விழுந்தால் சூட்டு நிறம். துளி நீலமோ பச்சையோ விழுந்தால் குளிர்ச்சி நிறம். எவ்வளவு வெளிறிப் போனாலும் அந்தக் குணம் மட்டும் போகாதாம். வெயில் விழாத அறைக்குச் சூடு, மேற்கு வெயில் அடிக்கும் அறைக்குக் குளிர்ச்சி என்று மதாம் தீர்ப்பளித்தார். முசே தலையாட்டினார். புருஷன் தலையாட்டுவது எல்லா தேசத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஷோத், சூடு, பாருங்கள், ரெண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்! பிரெஞ்சுக்காரன் இந்தச் சொல்லை நம்மிடமிருந்துதான் கப்பலில் ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று ஆராய்ச்சி முடிவுக்கே வந்துவிட்டேன். இந்த ஞானத்தை எவரிடமாவது இறக்கி வைக்காமல் தூக்கம் வராது போலிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தவளக்குப்பம். விருந்து. மாமியார் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி, மாப்பிள்ளையை வேடிக்கை பார்க்கவென்றே முறத்தோடு வந்து உட்கார்ந்து, அரிசியில் இல்லாத கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ரூமுக்கு எப்ப வெள்ளையடிக்கிறீங்க மாப்ள?”

“வெள்ளையெல்லாம் பழைய காலம் அத்தை. இப்ப சூட்டு நெறம், குளிர்ச்சி நெறம்னு ரெண்டு வகை இருக்கு. நம்ம ரூமு மேக்கால பார்த்தது. அதனால இளநீலம் அடிக்கப் போறேன். அது குளிர்ச்சி.”

வெற்றிலை மடித்த கை நின்றது. “குளிர்ச்சியா?”

“நல்ல குளிர்ச்சி அத்தை.”

“மாப்ள, புள்ளைக்கு மூக்கடைப்பு. மூச்சு வுட்டா கர்புர்ருங்குது. பாலுல எறங்கிடும்னு இவளை ஒரு வெள்ளரிப் பிஞ்சு தொட வுடாம காபந்து பண்ணிக்கிட்டு கெடக்குறேன். நீங்க நாலு செவுத்துலயும் குளிர்ச்சியத் தடவி, நடுவுல புள்ளையப் போடப் போறீங்களா?”

“அது கண்ணுக்குத்தான் அத்தை குளிர்ச்சி. ஒடம்புக்கு இல்ல.”

“கண்ணு ஒடம்புல இல்லாம வேற எங்க இருக்குது?”

இதற்குப் பதில் எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. சட்டென்று கட்சி மாறினேன். “சரி அத்தை, சூட்டு நெறமே அடிச்சிடறேன். இளமஞ்சள்.”

முறத்தோடு இருந்த அம்மாள் தலையில் கை வைத்தாள். “அய்யய்யோ, பெத்தவ ஒடம்பே கணகணன்னு இருக்குது. நேத்துதான் தொடையில ஒரு கட்டி ஒடஞ்சுது. சூட்டு நெறத்துல கொண்டுபோய்ப் படுக்க வெச்சா பாலு வத்திப் போவும் தம்பி!”

“அதுவும் சுண்ணாம்புலதானே கலக்கணும்? சுண்ணாம்பே சூடு” என்றார் மாமியார். சொல்லும்போது முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டது. நான் கொண்டுவந்து வைத்த சாக்கு என்ன எடை, எவ்வளவு நாள் தாங்கும் என்பதெல்லாம் அவருக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. “புள்ளைக்குக் குளிர்ச்சி ஆகாது. பெத்தவளுக்குச் சூடு ஆகாது. ரெண்டும் கொஞ்சம் தேறட்டும் மாப்ள. பொரட்டாசியில பார்த்துக்கலாம், என்னா அவசரம்?”

கிணற்றடியில் என் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். “வெள்ளையடிச்சா அனுப்பறேன்னு அம்மா வாயாலயே சொல்ல வெச்சேன். அதுக்கு நான் எத்தினி நாளு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? உங்கள யாரு பேசச் சொன்னது?”

“படிச்சதைச் சொன்னேன்.”

“படிச்சதையெல்லாம் ஆபீசுல சொல்லுங்க. இங்க வந்தா சோத்தத் தின்னுட்டுக் கம்முனு இருங்க.” தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றியவள், திரும்பி நின்று குரலை இறக்கினாள். “புள்ள உங்கள மாதிரியே மூக்கைச் சுளிக்குது. வைகாசிக்குள்ள ஏதாவது பண்ணுங்க.”

அந்த மூக்கு விஷயம் என்னைப் படாத பாடு படுத்தியது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து என் மூக்கை நானே சுளித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த ஆள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

வாயால் கெட்டதைக் கண்ணால் சரிபண்ணலாம் என்று தோன்றியது. நிறத்தை நேரில் காட்டிவிட்டால் அதில் சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை என்று தெரிந்துவிடுமே! வீட்டுக்குப் பின்னால் உடைந்து கிடந்த கூரை ஓடுகளைப் பொறுக்கி வந்து, சுண்ணாம்பைக் குழைத்து, ஒன்றில் மஞ்சள் காவி, ஒன்றில் துணிக்குப் போடும் நீலப்பொடி என்று கலந்து பூசினேன். ஈரத்தில் இரண்டும் திருவிழாப் பந்தல் மாதிரி இருந்தன. காய்ந்ததும் எது எதுவென்று எனக்கே சந்தேகம் வருகிற அளவுக்கு வெளுத்தன. அறையில் சாய்த்து வைத்து நாளெல்லாம் பார்த்தேன். காலையில் நீலம் அழகு. குண்டு பல்பைப் போட்டால் அதே நீலம் பழைய வேட்டி. மஞ்சள் விளக்கில் வெண்ணெய் மாதிரி இருந்தது. சாயங்கால வெயில் வந்ததும் காமாலைக் கண்ணால் பார்க்கிற மாதிரி ஆனது. சரி, தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பெரியவர்களிடமே விடுவோம் என்று பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அரியாங்குப்பம் பாலம் தாண்டும்போது கண்டக்டர் பையைத் தட்டிப் பார்த்து, “என்னா சார், மாமனார் வூட்டுக்கா? பலகாரம் ரொம்ப கெட்டியா இருக்குதே” என்றார்.

மாமியார் வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் பையைக் கவிழ்த்தேன். ஓட்டுத்துண்டுகள் கலகலவென்று தரையில் விழுந்தன.

மாமியார் இரண்டடி தள்ளி நின்றார். “மாப்ள. புள்ள பெத்த வூட்டுக்கு எவனாவது ஒடஞ்ச ஓட்ட எடுத்தாருவானா?”

உடைந்த ஓடு சாவு விழுந்த வீட்டில்தான் கிடக்கும் என்பது எனக்கும் தெரியும். நிறத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்போது அது ஞாபகம் வராதே, அதுதான் கல்வி.

“அது ஓடு இல்ல அத்தை, சாம்பிள்” என்றேன்.

“சாம்பிளோ கீம்பிளோ, ஒடஞ்சதுதானே?”

களத்திலிருந்து வந்த மாமனார்தான் என்னைக் காப்பாற்றினார். அவர் பேசுவது அபூர்வம். பேச இடம் கிடைத்தால்தானே. ஓட்டுத்துண்டுகளை முற்றத்துக்கு எடுத்துப் போய்ப் போட்டு, “வெளிய இருக்குது, தோஷமில்ல. வந்து பாரு” என்று மனைவியைக் கூப்பிட்டார். மாமியார் வந்து குனிந்தார். பார்க்கவில்லை. இரண்டையும் எடுத்து ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஜன்னலோரம் என் மடியில் வெயில் குடித்துக்கொண்டு வந்தவை.

“ரெண்டும் சுடுது” என்றார்.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “ஒண்ணு சூடு, ஒண்ணு குளிர்ச்சின்னுதானே சண்டை? ரெண்டையும் சரிபாதி கலந்துடுங்க மாப்ள. மாங்கா தின்னா மோரு குடிக்கிறதில்ல? சமமாயிடும்.”

எவ்வளவு நியாயமான பேச்சு! மாமியாரே தலையை ஆட்டினார். முறத்து அம்மாளும், “அப்படிப் பண்ணா ஒண்ணும் ஆவாது” என்று ஒப்புக்கொண்டாள். பிரெஞ்சுக்காரர்களுக்குத் தோன்றாத சமரசம் என்று நானும் கை தட்டாத குறை. என் மனைவி மட்டும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அங்கே உட்கார்ந்த ஈயை ஓட்டுகிறாள் என்று நினைத்தேன்.

“கலந்து அடிங்க” என்றார் மாமியார். “ஆனா நான் வந்து என் கண்ணால பார்ப்பேன். சமமா இல்லேன்னா பொரட்டாசிதான்.”

ஆள் பிடித்தேன். அவர் எது கேட்டாலும் “அடிச்சா நல்லாத்தான் இருக்கும்” என்று சொல்லும் சாது. ஒரு சட்டி மஞ்சள், ஒரு சட்டி நீலம், வச்சிரப் பசையைக் காய்ச்சி ஊற்றி இரண்டையும் ஒன்றாகக் கொட்டச் சொல்லிவிட்டு நான் ஆபீசுக்குப் போனேன். சாயங்காலம் திரும்பி மாடி ஏறினால், அவர் கையில் சுண்ணாம்பு மட்டையோடு வாசலிலேயே சிரித்த முகமாக நிற்கிறார்.

“வாங்க சார், வந்து பாருங்க. பழைய கலரையே அப்படியே கொண்டாந்துட்டேன்!”

மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் என்னவாகும் என்பது சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் நான் கலந்தது மஞ்சளையும் நீலத்தையும் அல்லவே, சூட்டையும் குளிர்ச்சியையும். ஈரச் சுவர் நாலும் பச்சைப் பசேலென்று என்னைப் பார்த்தன. மறுநாள் காய்ந்து வெளிறியது. வெளிறினாலும் பச்சை பச்சைதான். கிணற்றில் கோடைகாலம், அவ்வளவே வித்தியாசம். மேலே இன்னொரு பூச்சு அடிக்கலாம் என்றால் அந்த ஆள் ஒரு கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போய்விட்டார். வைகாசியில் மிச்சம் ஒரு கைவிரலுக்குள் அடங்கிவிட்டது.

அந்த நேரத்தில்தான் தவளக்குப்பத்திலிருந்து ஆள்மூலம் சேதி வந்தது. பிள்ளையின் மூக்கடைப்பைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வெள்ளிக்கிழமை டவுனுக்கு வருகிறார்களாம். அப்படியே மாமியார் அறையையும் பார்த்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் எல்லோரும் திரும்பிவிடுவார்களாம். நான் லீவு போட்டுவிட்டு, தூக்குத்தண்டனைக் கைதி சவரம் செய்துகொள்வது போல அறையைப் பெருக்கித் துடைத்து வைத்தேன்.

டாக்டர் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாராம். அந்த வருத்தத்தோடு மாமியார் முன்னால் வந்தார். பின்னால் பிள்ளையோடு என் மனைவி. வாசல்படியில் வீட்டுக்காரம்மா ஆரத்தி சுற்ற ஆலத்தட்டோடு நின்றார்.

“இது எதுக்குங்க?” என்றார் மாமியார். “நாங்க சும்மா ரூமப் பார்த்துட்டுப் போவத்தான் வந்தோம்.”

“நல்லா இருக்குதே! வாரிசு மொதமொதல்ல வாசல் மிதிக்குது, சும்மாவா உள்ள வுடறது? நில்லும்மா கண்ணு, கெழக்கப் பார்த்து நில்லு.”

ஆலத்தை வேண்டாமென்று எந்தத் தாய் சொல்வாள்? மாமியார் ஒதுங்கி நின்றார். தட்டு சுற்றியது; பொட்டு வைத்தாயிற்று; என் மனைவி வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள்.

மாடிக்கு வந்த மாமியார் அறை நடுவில் நின்று நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“மாப்ள, இது பழைய நெறந்தானே?”

“இல்ல அத்தை. இது சமம்.”

“சமம்னா பச்சையா?”

“கலந்தா அப்படித்தான் வருது அத்தை.”

“இதைத்தானே மாத்தச் சொன்னேன்? சுண்ணாம்பு வாங்கி, ஆளு வெச்சு, பஸ்ஸுல ஓடு தூக்கிக்கிட்டு அலைஞ்சு, கடைசியில இதையே அடிச்சு வெச்சிருக்கீங்களே. எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்க?” பதிலுக்குக் காத்திராமல் மகள் பக்கம் திரும்பினார். “கெளம்புடி. பொரட்டாசியில வந்துக்கலாம்.”

என் மனைவி பாயில் துணியை விரித்துப் பிள்ளையைப் போட்டிருந்தாள். அவன் பச்சைச் சுவரைப் பார்த்து மூக்கைச் சுளித்துவிட்டுத் தூங்கிப்போனான். அவள் அவனுக்கு விசிறிக்கொண்டே, மிகவும் அடக்கமாகக் கேட்டாள்.

“போவலாம்மா. ஆனா ஆலம் சுத்தி உள்ள வந்த புள்ளைய அன்னிக்கே தூக்கிக்கிட்டு வாசல் தாண்டலாமா? எனக்கு என்னா தெரியும். நீ சொல்லு. தாண்டலாம்னா தாண்டலாம்.”

பிரெஞ்சு சாஸ்திரத்தை ஒற்றைக் கேள்வியில் கவிழ்த்தவர் என் மாமியார். இது அவருடைய சொந்த சாஸ்திரம். வெள்ளிக்கிழமை வேறு. அவர் மகளைப் பார்த்தார், கீழே வீட்டுக்காரம்மா இருந்த திசையைப் பார்த்தார், கடைசியில் சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். என் முகத்தில் அசட்டுத்தனத்தைத் தவிர எதுவும் தென்படாததால் என்னை விட்டுவிட்டார்.

ஆலத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைத்ததும், நல்ல நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக்கு நாள் குறித்ததும் யார் என்று எனக்கே அப்போதுதான் மெதுவாக விளங்கியது. “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்று பிற்பாடு கேட்டேன். “சொல்லியிருந்தா ஆலத்துக்கும் ஒரு வெளக்கம் குடுத்திருப்பீங்க” என்றாள்.

மாமியார் நீளமாக மூச்சு விட்டார். பேரன் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, காலை நீட்டினார்.

“சரி. வந்தது வந்துடுச்சு. இவளுக்குப் புள்ளைக்குத் தண்ணி ஊத்தத் தெரியாது. நானும் கொஞ்ச நாள் இருந்து பார்த்துட்டுப் போறேன். மாப்ள, நீங்க நடையில படுத்துக்குங்க, காத்து வரும்.”

“கொஞ்ச நாள்னா அத்தை?”

“ஆடி கழியட்டுமே. நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுல போயி என் துணிப்பொட்டிய எடுத்தாந்துடுங்க. கோழிங்கள பக்கத்து வூட்டுக்காரி பார்த்துக்கட்டும். மாமாவுக்குச் சோறு அவளே குடுப்பா.”

மறுநாள் விடியற்காலையில் நான் செருப்பைத் தேடுகிற சாக்கில் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். மகன் தூங்கிக்கொண்டிருந்தான். என் மனைவி வாயில் முந்தானையை அடக்கிக்கொண்டு சிரித்தாள்.

“போயிட்டு வாங்க” என்றாள். “வரும்போது பொட்டிய மட்டும் எடுத்தாங்க. வழியில எதுனா கேட்டுக்கிட்டு நின்னுடாதீங்க.”